அந்தப் பிள்ளையின் வலது காது

எனக்கு எழுத்துத் தெரிய முதலே கையால் கதைக்கத் தெரியும். என் அக்கா பிறவியிலேயே காது கேளாதவர். அவரோடு சண்டை பிடிப்பதென்றாலும் கையைத்தான் தூக்க வேண்டும். வீட்டில் பழகிய அந்தப் பேச்சே பிறகு என் தொழிலானது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஒன்றில் பதினெட்டு வருடம் ஆசிரியையாக இருந்தேன். அதன் பிறகுதான் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் வந்தது.

மூன்று மொழிகளில் பெரிய பதாகை கட்டினார்கள். சிறுவர்களின் சுகாதாரம், பாதுகாப்பு, நீதிக்கான அணுகல் என்று அதில் எழுதியிருந்தது. சைகை மொழி தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். பாடசாலை என்னை விட்டுக்கொடுத்தது. நானும் விருப்பத்தோடுதான் போனேன். இதைச் சொல்லிவிட வேண்டும். கோபத்தோடு எழுதும்போது, ஒருகாலத்தில் நம்பியதை மறைத்துவிடத் தோன்றும்.

அந்தப் பிள்ளையை நான் முதலில் கண்டது உடுப்பிட்டியில், ஒரு பாடசாலை மண்டபத்தில். திட்டம் நடத்திய காதுப் பரிசோதனை முகாம் அது. கொழும்பிலிருந்து காது வைத்தியர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கேட்கும் கருவி கொடுப்பதற்காக அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. தொண்டைமானாற்றுப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிப் பிழைத்தாள். பிள்ளையைத் தனியே வீட்டில் விட முடியாமல் வலிகாமத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்திருந்தாள். விடுமுறைக்கு வந்த பிள்ளையைத்தான் அன்று முகாமுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

வைத்தியர் காதைப் பார்ப்பதற்காகப் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கக் கை நீட்டினார். பிள்ளை கதிரையோடு பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டது. சத்தம் எதுவும் இல்லை. அழுகையும் இல்லை. முழங்கைகளை முன்னே கொண்டுவந்து, நாடியை நெஞ்சில் புதைத்து, அடியை வாங்கிப் பழகிய உடம்பு மட்டும் செய்யும் ஒரு காரியத்தை அது செய்தது.

நான் முன்னால் போய்க் குந்தியிருந்து, அது என்னைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு கையால் கேட்டேன். “ஆர்?”

பிள்ளை இடது கையின் விரலில் மோதிரம் ஒன்றைத் திருகுவதுபோலக் காட்டியது. காது கேளாதவர்கள் ஆட்களுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். மோதிரத்தைத் திருகும் மனிதன்.

“அது அந்த இல்லத்தை நடத்துற பெரியவர், ரீச்சர்” என்றாள் தாய். குரல் தணிந்துவிட்டது. “நல்ல மனுசன் எண்டுதான் எல்லாரும் சொன்னவை.”

வைத்தியர் பொறுமையாக வலது காதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். செவிப்பறை கிழிந்திருக்கிறது. ஒருமுறை அல்ல, பலமுறை. மருந்து போடாமல் விட்டதால் சீழ் பிடித்து உள்ளேயும் பழுதாகிவிட்டது. பாடசாலையில் ஏழு வயதில் எடுத்த பரிசோதனை அட்டை தாயிடம் இருந்தது. அதன்படி இடது காது பிறவியிலேயே முற்றாகக் கேளாது. வலது காதில் கொஞ்சம் கேட்கும் திறன் இருந்திருக்கிறது. லொறி ஹோர்ன், கோயில் மணி, தாய் உரத்துக் கூப்பிட்டால் அது. இனி அதுவும் இல்லை. கருவி கொடுத்தும் பயனில்லை.

நான் மண்டபத்துக்கு வெளியே போய் நின்றேன். ஒன்றுமே கேளாத அக்காவோடு வளர்ந்தவள் நான். காது கேளாமை எனக்குப் பெரிய துக்கமல்ல. ஆனால் கொஞ்சமாய் இருந்ததை ஒருவன் கையால் அடித்து அணைப்பதென்றால்? என்ன குற்றத்துக்கு? கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லையாம். அதற்காகத்தான் அடித்தான் என்று பிள்ளை பிறகு எனக்குச் சொன்னது. காது கேளாத பிள்ளை கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்று காதிலேயே அடித்திருக்கிறான்.

திட்டத்தின் சட்டத்தரணி ஒரு இளம் பெண். மறுநாளே தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, தாய் ஏற்கனவே ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்னால், பிள்ளையின் காதிலிருந்து இரத்தம் வந்ததாக இல்லத்தில் வேலை செய்த ஒரு பெண் இரகசியமாகச் சொல்லி அனுப்பிய நேரம். பதிவுப் புத்தகத்தில் முறைப்பாடு சிங்களத்தில் இருந்தது. கீழே தாயின் கையெழுத்து.

சட்டத்தரணிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்தார்.

“அக்கா, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“பிள்ளைக்கு அடிச்சுப்போட்டினம் எண்டு நான் சொன்னதைத்தானே எழுதினவை? இனி அடிக்க விடமாட்டம் எண்டும் சொன்னவை.”

“பிள்ளை கிணத்தடியிலை வழுக்கி விழுந்தது, ஆரிலையும் முறைப்பாடு இல்லை எண்டு எழுதியிருக்கு. அதுக்குக் கீழைதான் நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள்.”

“அவை வைக்கச் சொன்னவை, வைச்சனான்” என்றாள் தாய். பிறகு தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தாள்.

அன்று அந்த வாங்குப் பலகையில் இருந்தவர்களிலே பிள்ளைக்கு மட்டும்தான் அங்கே கதைத்தது தெரியாது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன என்று கேட்டது. நான் சொன்னேன். நீ கிணற்றடியில் விழுந்தாயாம். பிள்ளை என்னை முறைத்துப் பார்த்தது. அந்தப் பொய்யைச் சொன்னது நானே என்பதுபோல. எனக்கு அது சரியென்றே பட்டது. காது கேட்கும் ஆட்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தோம்.

புதிய முறைப்பாட்டை எழுதுவிக்க ஒரு முழுநாள் பிடித்தது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை, பழைய பரிசோதனை அட்டை எல்லாம் சேர்த்து வழக்குத் தாக்கலானது. இல்லத்திலிருந்த மற்றப் பிள்ளைகளை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் திட்டம் இருந்தபடியால் நடந்தது. அந்த வைத்தியர், அந்தச் சட்டத்தரணி, நான், யாருமே திட்டம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் வாசலுக்குப் போயிருக்க மாட்டோம். அதனால் அதைத் திட்டும் முழு உரிமை எனக்கு இல்லை. பாதி உரிமை இருக்கிறது.

வழக்கை நீதிமன்றத்தில் கூப்பிட்ட முதல் தவணையன்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, என்னை மொழிபெயர்ப்பாளராக ஏற்க முடியாது என்றார். வெளிநாட்டு நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவள், பக்கச்சார்பானவள், பிள்ளை ஒன்று காட்ட நான் வேறொன்று சொல்லலாம் என்றார். நீதிபதி அதை ஏற்றார். நீதிமன்றம் அங்கீகரித்த சைகை மொழிபெயர்ப்பாளர் வரட்டும் என்றார். வடக்கில் அப்படி ஒருவரும் இல்லை. கொழும்புக்கு எழுதினார்கள். அடுத்த தவணைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த தவணைக்கு நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு ஒருமுறை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. ஒவ்வொரு தவணைக்கும் தாய் கூலி வேலையை விட்டுவிட்டு, பிள்ளைக்கு வெள்ளைச் சீருடை உடுத்தி, விடியவே பஸ் ஏறி வந்தாள். ஒவ்வொரு தவணையும் அந்த இல்லத்துக்காரன் எங்களுக்கு முன்னால் தன் வாகனத்தில் வந்து இறங்கினான். வெள்ளை வேட்டி, சால்வை, திருநீறு. நீதிமன்ற விறாந்தையில் பத்தடி தூரத்தில் நின்று மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதற்கிடையில் தாயிடம் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். ஒருநாள் நான் அவர்களின் வீட்டில் இருக்கும்போதே ஒருவர் வந்தார். தாயின் வழியில் மாமன் முறை. வெறுங்கையோடு வராமல் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார்.

“பிள்ளை, ஏன் உதுக்குள்ள போறாய்?” என்று தாயிடம் தொடங்கினார். “அந்த மனுசன் எத்தினை பிள்ளையளுக்குச் சோறு போட்டவர். கையை நீட்டினது பிழைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா யோசிச்சுப் பார். அது முதலே செவிட்டுப் பிள்ளை. கேக்கிற பிள்ளைக்கு அடிச்சுச் செவிடாக்கினதெண்டால் சரி, ஒரு நியாயம் இருக்கு. இல்லாததை அவர் எங்கை எடுத்தவர்?”

நான்தான் பதில் சொன்னேன். என் குரல் என் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை.

“ஐயா, அந்தப் பிள்ளைக்குத் தாய் கூப்பிட்டால் கேக்கும். அது ஒண்டுதான் கேட்டது. அதைத்தான் எடுத்தவர்.”

“நீர் ஆர் எங்கடை குடும்பத்துக்குள்ள கதைக்க? வெள்ளைக்காரன்ரை காசுக்கு வேலை செய்யிற ஆள் தானே.”

அப்போதுதான் தாய் எழுந்தாள். வாழைப்பழச் சீப்பை எடுத்து அவருடைய கையிலேயே வைத்தாள். “மாமா, நீங்கள் போங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது” என்றாள். அவ்வளவுதான். அவர் போய்விட்டார். அதன் பிறகு ஊரில் அவளை வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது. அவள் அதை என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தூரத்துத் தோட்டங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது வருட முடிவில், உதவி கொடுக்கும் நாட்டிலிருந்து பார்வையாளர்கள் வரப்போவதாக எங்கள் திட்ட முகாமையாளர் சொன்னார். உள்ளூர் ஆள்தான். கெட்டவரல்ல. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரீச்சர், அந்தப் பிள்ளையை ஒருக்கா கூட்டிக்கொண்டு வரலாமோ? முகம் வராமல் பின்னாலை நிண்டு ஒரு படம் எடுப்பம். கையாலை ‘நன்றி’ எண்டு காட்டினால் காணும்.”

“எதுக்கு நன்றி?”

“நாங்கள் செய்ததுக்கு.”

“வழக்கிலை இன்னும் ஒரு சாட்சி கூட ஏறேல்லை. காதும் போயிட்டுது. நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறது?”

“உங்களுக்கு விளங்கேல்லை. இதைக் காட்டினால்தான் அடுத்த வருசத்துக்கும் தருவினம்.”

எனக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் என்னைக் கூடுதலாக எரித்தது. அந்தப் பிள்ளையின் கை நடந்ததைச் சொல்வதற்கு நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை, நன்றி சொல்வதற்கு மட்டும் எல்லோரும் இடம் வைத்திருக்கிறார்கள் என்றேன். கத்திச் சொன்னேன் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. பார்வையாளர்கள் வேறு பிள்ளைகளோடு படம் எடுத்தார்கள். அடுத்த வருடத்துக்குத் திட்டம் நீடிக்கவில்லை. அது என் பிடிவாதத்தாலா, அவர்களின் அரசாங்கம் மாறியதாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகாமையாளர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அலுவலகத்தை மூடிய பிறகும் தவணை நாட்களில் தன் சொந்த வாகனத்தில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்தார். சட்டத்தரணியும் வழக்கை விடவில்லை. நான் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன். தவணைக்கு லீவு போட்டேன்.

கடைசியில் கொழும்பிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்ட சிங்களப் பெண்மணி. பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயது. சாட்சிக் கூண்டில் நின்று கையால் பேசத் தொடங்கியது. இரண்டு நிமிடம் அந்த அம்மா உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு நீதிபதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். இந்தப் பிள்ளையின் சைகை இந்த ஊர்ச் சைகை, பாதி எனக்குப் புரியவில்லை, எனக்குத் தெரிந்ததாக நடித்தால் அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம், பின்னால் இருக்கிற அந்த ஆசிரியைக்கு இது தெரியும், அவர் சொல்லட்டும், பிழை விட்டால் நான் பிடிக்கிறேன்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். நீதிபதி அவரை இருக்கச் சொன்னார். இரண்டு வருடமாக யாரும் சொல்லாத எளிய விஷயத்தை, அன்று காலைதான் யாழ்ப்பாணம் வந்திறங்கிய ஒருவர் சொல்லிவிட்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். பிள்ளைக்கு உண்மை பொய் வித்தியாசம் தெரியுமா என்று நீதிபதி முதலில் பார்க்க வேண்டும்.

“பொய் எண்டால் என்னெண்டு பிள்ளையிட்டைக் கேளுங்கோ.”

கேட்டேன். பிள்ளை யோசிக்கவே இல்லை.

“கிணத்தடியிலை நான் விழுந்தது. அது பொய்.”

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

பிள்ளை எல்லாவற்றையும் சொன்னது. எந்த அறை, எந்தக் கை, எத்தனை தரம், பிறகு தலையணை நனைந்தது, மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றது. கொழும்பு அம்மா இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார். இரண்டும் சரியான திருத்தம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரித்துக்கொண்டு கேட்டார்.

“உமக்குத்தான் காது கேளாதே. அவர் கோபத்திலை பேசினாரோ, புத்தி சொன்னாரோ, எப்பிடித் தெரியும்?”

நான் அதைக் கையில் சொன்னேன். பிள்ளை உடனே கையைத் தூக்கியது.

“அப்ப எனக்கு இந்தக் காது கேட்டது” என்று வலது காதைத் தொட்டுக் காட்டியது. “அவர் கத்தினது கேட்டது. பிறகு அடிச்சார். பிறகு கேக்கேல்லை.”

சட்டத்தரணி கதிரையில் இருந்துவிட்டார். அவன் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தியிருந்தான். அன்றைக்கு ஒருநாள் எனக்குத் திருப்தியாக இருந்தது. மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து என் அக்காவிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அக்கா மேசையில் அடித்துச் சிரித்தார், பிறகு அழுதார்.

தீர்ப்பு ஆறு மாதம் கழித்து வந்தது. குற்றவாளி என்றார்கள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வசனம் வந்தது. வயதையும், முன்குற்றம் இல்லாததையும், சமூகத்துக்குச் செய்த சேவையையும் கருத்தில் எடுத்து, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை.

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கு என்னிடம் சைகை இருக்கவில்லை. சிறைக்கு மறியல் என்று காட்டினேன். பிறகு, பிற்போடுதல் என்று காட்டினேன். அந்த இரண்டு வருடமும் அந்தச் சைகையை எத்தனை தரம் காட்டியிருப்பேன்.

“அடுத்த தவணை எப்ப?” என்று கேட்டது பிள்ளை.

“தவணை இல்லை. வழக்கு முடிஞ்சுது.”

“அப்ப எப்ப அவர் மறியலுக்குப் போவார்?”

“திரும்ப ஆருக்கும் ஏதும் செய்தால் போவார்.”

பிள்ளை கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தது. நான் பிழையாகக் காட்டிவிட்டேனோ என்று யோசிப்பது தெரிந்தது.

“திரும்ப ஆருக்கு?” என்று கேட்டது.

நான் பதில் சொல்ல முதல் கண்ணை மூடிக்கொண்டது. காது கேளாதவர்கள் கண்ணை மூடினால் பேச்சு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் தோளைத் தொட்டேன். திறக்கவில்லை. வெளியே அவனுடைய ஆட்கள் அவனுக்குப் போர்த்தச் சால்வையோடு காத்திருந்தார்கள். வாகனக் கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது. தாய் பிள்ளையின் கையைப் பிடித்து, கண் மூடியபடியே படிகளில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

இதெல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இல்லம் திரும்பத் திறக்கவில்லை. அவன் கோயில் நிர்வாகத்தில் இப்போதும் இருக்கிறான், பரிசளிப்பு விழாக்களில் முன்வரிசையில் இருக்கிறான். கீரிமலையில் இறந்த ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்குப் போன இடத்தில் எனக்கு நேரே வந்து, “ரீச்சர், சுகமே?” என்று கேட்டான். கேணிக்குள் தள்ளிவிடத் தோன்றியது. தள்ளவில்லை. திரும்பி நடந்தேன்.

பிள்ளைக்குப் பதினேழு வயதாகிவிட்டது. எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறது. கணக்கில் கெட்டிக்காரி, ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்யமாட்டாள், சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குப் பயம். பஸ் நடத்துனர் பிடித்துத் தள்ளியதற்காகப் போன மாதம் அவனுடைய காசுப் பையைப் பறித்து வெளியே எறிந்துவிட்டாள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கோபம் கூடிப்போச்சு, நீங்கள்தான் கதைச்சு ஆற்ற வேண்டும் என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் விறாந்தைத் தூணில் சாய்ந்து, நான் பேசத்தான் வருகிறேன் என்று தெரிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். நடத்துனர் எங்கே பிடித்துத் தள்ளினான் என்று மட்டும் கேட்டேன். தோளைக் காட்டினாள். அந்த பஸ்ஸின் இலக்கத்தைக் கேட்டேன். என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்.